உன் இடது கால் செருப்பு

நைனா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். நேற்றுதான் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, அதை மறைக்கத் தாடி வளர்த்திருக்கிறாய். பெற்றவளிடம் அந்த வித்தை பலிக்காது. முதலில் தாடியை எடு, பிறகு இதைப் படி. நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்க வேண்டாம். இடது காலைப் பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் துணி வெட்டுகிற பலகை, அதன்மேல் காகிதம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தையல் மிஷினுக்கு லீவு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா மாதிரி எழுதிகினு கீற?" என்று கேட்கிறார்கள். மகனுக்கு எழுதுகிறேன் என்றால், ஏன், ஃபோன் இல்லையா என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் ஃபோனில் நீ "அப்புறம்மா..." என்று இழுத்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அப்புறத்துக்கு அப்புறம் நான் சொல்ல நினைத்ததெல்லாம் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. காகிதத்தில் நீ அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. நான் முடிக்கிறவரை கேட்டுத்தான் ஆகவேண்டும். இதை ஊரே கூடிப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். கத்தாரில் இந்த வேலை முடியப்போகிறது, கனடாவில் இதைவிட நல்லதாக ஒன்று வந்திருக்கிறது, அங்கிருந்து நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள் என்றாய். "இன்னாம்மா சொல்ற? போவட்டா?" என்று கேட்டாய். "உன் இஷ்டம் நைனா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஃபோனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் இஷ்டம் என்று நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால், இந்த ஆவணியில் நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போன கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும். "நல்லபடியா போயிட்டு வந்துட்டேன்" என்று உன்னிடம் ஒரே வரியில் முடித்தேனே, அந்தக் கதையை.

காட்டுப்பள்ளி கப்பல் பட்டறையில் உன் காண்ட்ராக்ட் வேலை முடிந்து நீ வீட்டோடு கிடந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வெல்டிங் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாய், மத்தியானம் கசங்கிய சட்டையோடு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். உங்கப்பா மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போய்விடுவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தியாகச் சோறு தின்ன வேண்டும். அப்போதுதான் ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கிளம்புகிற நாள் வந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி நம் லூர்து அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து எடுத்து, "தண்ணி குடுடி" என்று மெதுவாகச் சொன்னாலும் நாலு வீடு திரும்பிப் பார்க்கிற குரல் அவளுக்கு. வருஷா வருஷம் அவர்களுக்குக் காவித்துணி தைத்துக் கொடுப்பது நான்தான் என்பதால், வழியனுப்ப உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். நாம் அம்மன் கோயில் குடும்பம்தான், வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டில் மாதாவை யார் விடுவார்கள்? சின்னத் தேரில் பூ அலங்காரத்தோடு மாதா நின்றுகொண்டிருந்தாள். மாலையைப் போட்டுவிட்டு வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்: "மாதாவே, என் புள்ளைக்கு ஒரு நல்ல வேலையா வாங்கிக் குடு. அவனையும் கூட்டிகினு உன் கோயிலுக்கு நடந்தே வர்றேன்." பக்கத்தில் நின்ற நீ என் காதில், "யாரக் கேட்டும்மா என் காலையும் சேத்து வேண்டிக்கின?" என்று சிரித்தாய். நீ சிரித்து அன்றைக்கு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதனால் நானும் சிரித்தேன்.

மாதா தாமதம் செய்யவில்லை. தீபாவளிக்கு முன்னால் வேலை வந்துவிட்டது, கத்தாரில். கேட்கிற அவசரத்தில் எந்த ஊரில் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன் நைனா! ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவள் கை நீளம் சொல்லாமல் போய்விட்டால் தெருமுனைவரை ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வருகிறவள் நான். கழுத்து இறக்கம் எவ்வளவு, பின்னால் கொக்கியா முன்னால் கொக்கியா என்று ஒருத்தியை விடமாட்டேன். அப்படிப்பட்டவள் மாதாவிடம் போய் அளவே சொல்லாமல் வந்திருக்கிறேன். வேலை கொடு என்றேன், கொடுத்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன், ஆனால் அவள் கொடுத்த வேலையே உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முதல் வருஷம் லீவு கிடையாது என்றாய். அடுத்த வருஷம் லீவு வருகிற நேரம் பார்த்துப் பழுதுபார்க்க ஒரு கப்பல் வந்து நின்றது. அதற்கடுத்த வருஷம் அதைவிடப் பெரிய கப்பல். உலகத்துக் கப்பலெல்லாம் என் மகனின் லீவுக்காகவே பழுதாகிறதோ என்று உங்கப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவர் என்ன செய்வார் பாவம், "என் லாஞ்சு கூடத்தான் ரிப்பேரு, அதுக்கு வர்றானா கேளு" என்றார்.

நீ ஏர்போர்ட்டுக்குப் போன அன்று புது ஷூ போட்டுக்கொண்டு போனாய். பட்டை ஒட்டுகிற உன் பழுப்புச் செருப்பு வாசலில் நீ கழற்றி விட்டபடியே கிடந்தது. நான் அதை எடுத்து உள்ளே வைக்கவேயில்லை. பெருக்கும்போது தூக்கி, தூசி தட்டி, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். "எதுக்கு இத்த வாசல்லயே வச்சிகினு கீற?" என்று உங்கப்பா கேட்டார். ஆம்பளை செருப்பு வாசலில் கிடந்தால், வீட்டில் ஆள் இருக்கிறது என்று திருடன் பயப்படுவான் என்றேன். "அப்ப என்னுது இன்னா, பொம்பள செருப்பா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். உண்மை என்னவென்றால், கடைக்குப் போய்விட்டுத் தெருவில் திரும்பும்போது தூரத்திலிருந்து அந்தச் செருப்பு கண்ணில் பட்டால் ஒரு நொடி மனசு ஏமாறும். நீ உள்ளே படுத்திருக்கிறாய், முதுகைக் காட்டிக்கொண்டாவது படுத்திருக்கிறாய் என்று தோன்றும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அது அங்கே கிடந்தது.

இந்த வருஷம் இனித் தள்ளிப்போடக் கூடாது, நீ வராவிட்டாலும் நான் நடந்துவிடுவது என்று முடிவு செய்தேன். லூர்து அக்காவிடம் சொன்னபோது அவள் யோசித்தாள். "வேண்டிக்கினது ரெண்டு பேருக்கு. நீ ஒண்டி வந்தா அது பாதிதாண்டி" என்றாள். பாதியாவது கொடுப்போமே என்றேன். பேர் கொடுத்தாகிவிட்டது, காவிப் புடவை எடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் அந்தக் கிரகசாரம். தேரடி ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு வர, ஒதுங்குகிறேன் என்று ரோட்டோரப் பள்ளத்தில் காலை விட்டேன். கணுக்கால் மடங்கின சத்தம் எனக்கே கேட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ஜவ்வு கிழிந்திருக்கிறது, காலைத் தரையில் ஊன்றக் கூடாது, மிஷின் பெடலைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் லேசான சுளுக்கு என்றேன். "பஸ்ல போய்ட்டு வாம்மா, மாதா கோச்சிக்க மாட்டாங்க" என்றாய். மாதா கோபிக்க மாட்டாள், அது எனக்கும் தெரியும். ஆனால் நடந்து வருகிறேன் என்று வாயால் சொன்னது நான்.

கிளம்புகிற நாள் நெருங்கியபோது வலி கொஞ்சம் அடங்கியிருந்தது, வீக்கம் அடங்கவில்லை. கட்டுப்போட்ட கால் என் செருப்பு எதற்குள்ளும் நுழையவில்லை. உங்கப்பாவின் ரப்பர் செருப்பு வாருக்குள் விரலே போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, எட்டிய தூரத்தில் கிடந்த உன் இடது செருப்பை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பட்டையைத் தளர்த்தி ஒட்டியதும் கட்டோடு சேர்த்து என் கால் அதில் அமர்ந்துகொண்டது, உனக்குப் பதில் எனக்கே அளவெடுத்த மாதிரி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து உங்கப்பா ஓடிவந்தார். காலைப் பார்த்தார். அதுவரை "நடக்கறேன்னு சொன்னா காலை ஒடச்சிடுவேன்" என்று, ஏற்கெனவே அடிபட்ட காலையே மிரட்டிக்கொண்டிருந்த மனுஷன் உள்ளே போய், வலை பின்னுகிற நைலான் நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒட்டுகிற பட்டை பழசாகி விட்டதால் பாதி வழியில் விட்டுவிடும் என்று, சுற்றிலும் வலைமுடிச்சுப் போட்டு இறுக்கினார். "அவன் செருப்பு அறுந்தா அவன் கோச்சிக்குவான்" என்றார். உங்கப்பா எனக்கு விடை கொடுத்தது அப்படித்தான். உன் செருப்பு அடி கனமானது, என் வலது கால் செருப்போ தேய்ந்து தட்டையானது. ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம். கேன்வாஸையும் வெட்டுத் துணியையும் நாலாக மடித்துத் தைத்து வலது செருப்பில் வைத்து மட்டம் செய்துகொண்டேன்.

ராயபுரத்தில் என்னைப் பார்த்ததும் லூர்து அக்கா அத்தனை பேர் நடுவில் கத்தினாள். "இன்னாடி இது கோலம்? ஒரு காலு பொம்பள காலு, ஒரு காலு ஆம்பள காலா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் காதருகே போய், "ஒரு காலு என்னுது, ஒரு காலு என் புள்ளைது. கூட்டிகினு வந்துட்டேன்" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து உன் செருப்பைத் தொட்டு, மாதாவின் தேரைத் தொட்டு, பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எந்த வருஷமும் செருப்புப் போட்டு நடந்தவளில்லை, வேளாங்கண்ணி வரைக்கும் வெறுங்கால்தான், அது அவள் வேண்டுதல். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

கடற்கரைச் சாலை, அடையாறு என்று நகரத்தைத் தாண்டும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்விட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் கால் தன் வேலையைக் காட்டியது. விடியற்காலையில் நன்றாக இருக்கும், வெயில் ஏறினால் கட்டுக்குள் இருந்து நாடித்துடிப்பு கேட்கும். வழி நெடுக மோர் கொடுத்தார்கள், தர்பூசணி கொடுத்தார்கள், முன்பின் தெரியாத ஒருத்தி என் காலில் தைலம் தேய்த்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனாள். மரக்காணத்து உப்பளத்தில் வெயில் எதிரொளித்துக் கண் கூசியபோது, இனி முடியாது என்று நின்றேன். அப்போது உன் சின்ன வயசு நினைவுக்கு வந்தது. கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அதன்மேல் ஓடி நீ உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டாய். பஸ் ஸ்டிரைக். இடுப்பில் தூக்க முடியாத வயசு உனக்கு. காலில் என் முந்தானையைக் கிழித்துக் கட்டி, நொண்டி நொண்டி ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று அழுவாய். "தோ, அந்தக் கம்பம் வரைக்கும்தான்" என்பேன். அந்தக் கம்பம் வந்ததும் அடுத்த கம்பத்தைக் காட்டுவேன். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கேட்டாய், ஒவ்வொரு தடவையும் நம்பி நடந்தாய். உப்பளத்துப் பக்கத்தில் நின்று நானே கேட்டு நானே சொல்லிக்கொண்டேன், தோ, அந்தக் கம்பம் வரைக்கும்தான். நீ அங்கே தனியாக இருக்கிற நாட்களில் முழு வருஷத்தையும் மொத்தமாக நினைத்துப் பார்க்காதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று நினை. அது வந்ததும் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார். நான் வேறு என்ன புத்தி சொல்ல, எனக்குத் தெரிந்தது இதுதான்.

பாண்டிச்சேரி தாண்டிவிட்டேன், கடலூர் வந்துவிட்டேன். கடலூரில் காலையில் எழுந்து காலை ஊன்றினால் தரை எங்கே என்று தெரியவில்லை. கட்டைப் பிரித்தால் கணுக்கால் கறுத்து, பாதம் பணியாரம்போல உப்பியிருந்தது. எங்கள் பாத்திரம் பண்டமெல்லாம் சின்ன யானை என்கிற குட்டி லாரி வண்டியில்தான் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஏறின தூரம் நடந்ததாகச் சேராது. லூர்து அக்கா என்னை ஏறச் சொன்னாள். மாட்டேன் என்றேன். "ஏறுடி, காலு அழுகிடப்போது" என்றாள். "என் வாயால கூட்டிகினு வர்றேன்னு சொன்னேன்க்கா. நான் ஏறினா அவனும்தானே ஏறுறான்?" என்று கேட்டு, சின்னக் குழந்தை மாதிரி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்து, இங்கே இறக்கி வைக்கிறேனே என்று இருந்தது எனக்கு. அவள் தரையில் உட்கார்ந்து, உங்கப்பா போட்ட முடிச்சுகளை நகத்தால் தளர்த்தி, உன் செருப்பை என் காலிலிருந்து கழற்றினாள். கழற்றித் தன் இடது காலில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்ற, உன் வேண்டுதலு!" என்று பதறினேன். "வெறுங்காலோட வர்றேன்னு வேண்டிக்கின காலு தோ, இது" என்று வலது காலைக் காட்டினாள். "இந்த எடது காலு இன்னிக்கி என்னுது இல்ல. உன் புள்ளைது. மாதாவாண்ட நான் சொல்லிக்கிறேன். நீ வண்டில ஏறு, அவன் நடந்துகினு வருவான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். சிதம்பரம் போய்ச் சேரும்வரை, வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஒரு கால் வெறுங்காலாக, ஒரு காலில் உன் பழுப்புச் செருப்பாக, அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். சாயந்திரம் செருப்பைத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "என் புள்ள பக்கத்துத் தெருவுலதான் கீறான். எட்டிப் பாக்க மாட்டான். உன் புள்ள எங்கியோ கீறான், காலு மட்டும் வந்துகீது. நீ குடுத்து வச்சவடி" என்றாள். அந்த நேரம் பார்த்து உன் வீடியோ கால் வந்தது. ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாய், ரோட்டுத் தூசி என்றேன். உன் செருப்பு என் மடியில்தான் இருந்தது. ஃபோனை மட்டும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வீக்கம் வடிந்திருந்தது. கொள்ளிடம் பாலத்தை நானே நடந்து கடந்தேன். சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று எல்லாவற்றையும் மெதுவாக, தேருக்குப் பக்கத்திலேயே, கூட்டத்தையெல்லாம் என் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. வேளாங்கண்ணியில் கோயில் கோபுரம் தெரிந்ததும் எல்லாரும் "மரியே வாழ்க" என்று கத்தினார்கள். அங்கே முட்டிபோட்டு நகர்கிற மணல் பாதை ஒன்று இருக்கிறது. வழி முழுக்க என்னைப் படுத்திய கணுக்கால் அங்கே மட்டும் வேலையில்லாமல் பின்னால் சும்மா வந்தது. முட்டிதான் தேய்ந்தது. உன் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கே போகக்கூடாது, வெளியில் விட்டுப் போகவும் மனசில்லை. துணிப்பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். செருப்பைக் கொண்டுவந்ததற்கு மாதா மன்னிக்கட்டும், அவளும் ஒரு மகனைப் பெற்றவள்தானே.

அவள் முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த முறை அளவு சொல்லிக் கேட்க வேண்டுமே. என் மகனைத் திரும்ப அனுப்பு என்று கேட்கலாமா? கேட்டால், வேலையைப் பறித்து அனுப்பிவிட்டால்? முதுகைக் காட்டிப் படுத்திருந்த அந்த நாட்கள் திரும்ப வந்துவிட்டால்? அவனைச் சீக்கிரம் வரவை என்று கேட்கலாமா? உடம்பு முடியாமல் வருவதும் சீக்கிரம் வருவதுதானே. எந்த வார்த்தையை எடுத்தாலும் அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். கடைசியில் நான் எதுவுமே கேட்கவில்லை நைனா. "வந்துட்டோம்" என்று மட்டும் சொன்னேன். வந்துட்டேன் என்று சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். ரயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, இது மாதாவிடம் கேட்கிற விஷயமே இல்லை, உன்னிடம் கேட்க வேண்டியது என்று. இத்தனை வருஷமாக நான் உன்னிடம் ஒரு தடவைகூட வாயைத் திறந்து வா என்று சொன்னதில்லை. லீவு இருக்கா என்று கேட்டிருக்கிறேன். கப்பல் போயிடுச்சா என்று கேட்டிருக்கிறேன். உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன். நான் கேட்டு நீ முடியாது என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்று, கேட்காமலே இருந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன், அளவெல்லாம் சரியாகச் சொல்லிக் கேட்கிறேன். கனடாவுக்குப் போ. நல்ல வேலை என்றால் கட்டாயம் போ. உன்னை வாசலில் கட்டிப்போட்டு வைத்துக்கொள்ள நான் ஆசைப்படவில்லை. ஆனால் அங்கிருந்து நேராகப் போகாதே. நடுவில் வீட்டுக்கு வா. வேலை போய் வராதே, லீவு போட்டு வா. உடம்பு முடியாமல் வராதே, தெம்பாக வா. யாருக்கும் கல்யாணம் கருமாதி என்று வராதே, சும்மா வா. உங்கப்பா கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து வா, அவர் கேட்க மாட்டார், ஆனால் லாஞ்சு கரை திரும்பினால் முதலில் உன் ஃபோன் வந்ததா என்றுதான் கேட்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கண்ணாடித் திரையில் இல்லை, உன் தலையில் எண்ணெய் வைக்கிற தூரத்தில். இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கமும் ஒரு கணுக்காலும் தேவைப்பட்டிருக்கிறது.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். திரும்பக் கட்டுப் போட்டிருக்கிறார், கால் ஆறிவிடும். லூர்து அக்கா நேற்று வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேண்டுதல் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்று நியாயம் பேசிவிட்டுப் போனாள். அவள் சொல்வது சரிதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நான் வண்டியில் வந்தேன், அந்தத் தூரம் எனக்குப் பாக்கி. உனக்கு அதுகூட இல்லை. உன் இடது கால் ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் ஓர் அடி விடாமல் நடந்துவிட்டது. அதன் அடிப்பாகம் தேய்ந்து, உங்கப்பாவின் நைலான் முடிச்செல்லாம் கறுத்து, வாசலில் கிடக்கிறது. பக்கத்தில் உன் வலது கால் செருப்பு, நீ கழற்றி விட்டபோது இருந்த மாதிரியே இருக்கிறது. காலையில் பெருக்கும்போது இரண்டையும் தூசி தட்டிச் சேர்த்து வைத்தேன். இத்தனை நாளும் தெருவைப் பார்த்துக் கிடந்தவற்றை, இன்றைக்கு வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அம்மா